சக்கரம் நின்றால் எந்த மாநிலம்? ஆர்வி ஏறப் போகும் அமெரிக்கத் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டை விற்றுவிட்டோ விற்கும் யோசனையிலோ இருந்துகொண்டு, முழுநேரமும் ஆர்வியில் (உள்ளேயே குடியிருக்க வசதி உள்ள வண்டியில்) சுற்றக் கிளம்பும் அமெரிக்கத் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம்.

வண்டியிலேயே வாழும்போது எந்த மாநிலத்தைச் சொந்த மாநிலமாகக் காட்டுவது என்று நம்மவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சவுத் டகோட்டா போட்டுக்கலாமா, டெக்சஸா, ஃப்ளோரிடாவா? மூன்றிலுமே மாநில வருமான வரி கிடையாதே, எது சுலபம்?" பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், வேலை வீட்டிலிருந்தே பார்ப்பதுதான், அல்லது வேலையையே விட்டாயிற்று. இனி முகவரி எங்கே வைத்தால் என்ன என்ற மனநிலை. கேள்வி நியாயமானதுதான். ஆனால் வரியில் ஆரம்பித்து லைசென்ஸில் முடித்துவிடுகிறார்கள். மருத்துவக் காப்பீடு, ஓட்டு, விசா ஆகிய மூன்றையும் யாரும் கேட்பதில்லை. பிறகு சங்கடப்படுவது இந்த மூன்றில்தான். அதனால் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. மனைவியும் நானும் வண்டியிலேயே வாழ்கிறோம், இந்த விஷயங்களை நிறையப் படித்திருக்கிறோம், அவ்வளவுதான்.

சட்டம் கேட்பது எளிய விஷயம். அமெரிக்காவில் ஒருவருக்கு நாலு ஊரில் வீடு இருக்கலாம், டொமிசைல், அதாவது சட்டப்படி நிரந்தரக் குடியிருப்பு, ஒன்றுதான். அதற்கு இரண்டு வேண்டும்: நேரில் அங்கே போயிருக்க வேண்டும், எங்கே சுற்றினாலும் திரும்பி வருவது இங்கேதான் என்ற எண்ணம் இருக்க வேண்டும். புதிய டொமிசைலை நிலைநாட்டும் வரை பழையது உங்களை விடாது. நான் எந்த மாநிலத்தையும் சேர்ந்தவன் இல்லை, சாலையைச் சேர்ந்தவன் என்று சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும். சட்டத்தில் அப்படி ஒரு கட்டம் கிடையாது.

சவுத் டகோட்டாவைப் பார்த்து எல்லோரும் மயங்கக் காரணம், அங்கே நேரில் இருப்பது என்ற நிபந்தனை மிக லேசானது. முழுநேரப் பயணி என்றால், கடந்த ஓராண்டுக்குள் அந்த மாநிலத்தில் ஓர் இரவு தங்கிய ஹோட்டல் அல்லது முகாம் ரசீது, அஞ்சல் முகவரிச் சேவையில் (உங்கள் கடிதங்களை வாங்கி வைத்து அனுப்பும் நிறுவனத்தில்) எடுத்த பெட்டி எண், ஓர் உறுதிமொழிப் படிவம். இவை இருந்தால் ஐந்தாண்டு லைசென்ஸ் கிடைக்கிறது. ரேப்பிட் சிட்டிக்கு அருகே பாக்ஸ் எல்டரிலும் சூ ஃபால்ஸிலும் இதற்கென்றே அஞ்சல் சேவைகள் இருக்கின்றன. வண்டிக்கு 4 சதவீத வரி, ஆண்டுச் சோதனை இல்லை. எல்லாம் சரி. ஆனால் அந்த உறுதிமொழிப் படிவத்தைப் பொறுமையாகப் படியுங்கள். வெளியே போனாலும் நீங்கள் திரும்பி வர நினைக்கும் மாநிலம் இதுதானா என்று கேட்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் அதை யோசித்துக் கையெழுத்துப் போடுகிறோம்? ஜனவரி மாதத்தில் பாக்ஸ் எல்டருக்குத் திரும்பி வாழப் போகிற ஒரு மதுரைக்காரரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

கேலியாகச் சொல்லவில்லை. அந்தப் படிவம் கேட்கிற கேள்வியைத்தான் நீங்களும் முதலில் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். நாளைக்கே ஒருவருக்கு முட்டி போய்விட்டது, கண் மங்கிவிட்டது, வண்டி ஓட்ட முடியாது, சக்கரம் நின்றுவிட்டது. அப்போது எந்த ஊருக்குப் போவீர்கள்? அந்தப் பதிலில் வருகிற மாநிலத்துக்கு வருமான வரி இல்லாவிட்டால் யோசிக்கவே வேண்டாம். வரி இருந்தால், அது எவ்வளவு என்று கணக்குப் போட்ட பிறகே வேறு மாநிலம் தேடுங்கள். ஓய்வுக்கால வருமானத்துக்குப் பல மாநிலங்கள் கேட்கும் வரி, நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இருக்காது. அரிசோனாவில் ஒரே விகிதம், 2.5 சதவீதம். குளிர்காலம் முழுக்கக் குவார்ட்சைட் பாலைவனத்தில் கிடப்பவர்கள்கூட அரிசோனாவைக் கண்டால் ஓடுவது எனக்குப் புரியாத விஷயம்.

வரி என்று எடுத்துவிட்டதால், அதில் நம்மவர்களுக்கு இருக்கும் இரண்டு நம்பிக்கைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, மாநிலம் மாறிவிட்டால் பழைய மாநிலம் கைகழுவிவிடும் என்பது. கலிஃபோர்னியாவில் வீட்டை வாடகைக்கு விட்டு, அங்கேயே பல் டாக்டரை வைத்துக்கொண்டு, காரும் அங்கேயே பதிவில் இருக்க, பெட்டி எண் மட்டும் சவுத் டகோட்டாவில் இருந்தால், அந்த மாநிலத்தின் வருமான வரித் துறையான ஃபிரான்சைஸ் டாக்ஸ் போர்டு அதை இடமாற்றமாகப் பார்க்காது. உங்களுக்கு எங்கே நெருங்கிய தொடர்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து எடை போடுவார்கள். நியூயார்க் இன்னும் கறார். வீடு, தொழில், தங்கிய நாட்கள், குடும்பம் ஆகியவற்றோடு, மனசுக்கு நெருக்கமான பொருட்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் தணிக்கையில் பார்ப்பார்கள். பாட்டி கொடுத்த குத்துவிளக்கு நியூயார்க்கில் தம்பி வீட்டில் இருந்தால் அதுவும் சாட்சிதான்.

கணினித் துறையில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கம்பெனி கொடுத்த ஆர்எஸ்யு பங்குகள் கலிஃபோர்னியாவில் வேலை பார்த்த காலத்தில் வழங்கப்பட்டு, நீங்கள் வெளியேறிய பிறகு கைக்கு வந்தால், அங்கே உழைத்த நாட்களின் விகிதத்துக்குக் கலிஃபோர்னியா வரி கேட்கும். வாடகை வருமானத்துக்கும் கேட்கும். ஆனால் 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பு, ஓய்வூதியம் போன்றவற்றைத் தொட முடியாது. ஒரு மாநிலத்தை விட்டுப் போனவரின் ஓய்வூதியத்துக்கு அந்த மாநிலம் வரி போடக்கூடாது என்று 1996-இல் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்துவிட்டது. ஆகவே எது போகும், எது போகாது என்று பிரித்துப் பாருங்கள். "கலிஃபோர்னியா வரியே கிடையாது இனிமேல்" என்று பெருமூச்சு விடுவதற்கு முன் ஒரு தடவை.

இரண்டு, வரியில்லா மாநிலத்து லைசென்ஸ் இருந்தால் எங்கே உட்கார்ந்து வேலை பார்த்தாலும் மாநில வரி இல்லை என்பது. உடம்பு எந்த மாநிலத்தில் இருந்துகொண்டு சம்பாதிக்கிறதோ அந்த மாநிலத்துக்கு அந்த நாட்களின் வருமானத்தில் பங்கு கேட்கும் உரிமை உண்டு. எத்தனை நாள், எவ்வளவு தொகை வரை விட்டுவிடுவார்கள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கம்பெனி நியூயார்க்கில் இருந்து, உங்கள் வசதிக்காக நீங்கள் வெளியே இருந்து வேலை பார்த்தால், அந்தச் சம்பளம் நியூயார்க்கில் சம்பாதித்ததாகவே கணக்கு. சம்பளம் வாங்குகிறவர்கள் எந்தத் தேதியில் எங்கே இருந்தோம் என்று ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்றவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. என்னைக் கேட்டால், 65 வயதுக்குக் கீழே இருக்கிறவர்கள் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இதை வைத்துத்தான். வேலையை விட்டவர்கள் ஒபாமாகேர் சந்தையில் (தனிநபர் காப்பீட்டுக்கான அரசுச் சந்தையில்) பாலிசி வாங்க வேண்டியிருக்கும். அந்தப் பாலிசி உங்கள் ஜிப் கோடுக்கு உரியது. எந்தக் கவுண்டியில் முகவரி வைத்தீர்களோ அந்தக் கவுண்டியில் விற்கும் பாலிசிகள்தான் கிடைக்கும், அவற்றின் டாக்டர்கள் பெரும்பாலும் அந்த வட்டாரத்தில்தான் இருப்பார்கள். நெஞ்சுவலி என்று எந்த ஊர் எமர்ஜென்சிக்குப் போனாலும் காப்பீடு ஏற்க வேண்டும், அது சட்டம். ஆனால் சர்க்கரைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கும் டாக்டர், புற்றுநோய் என்று தெரிந்தபின் தொடர் சிகிச்சை, இவையெல்லாம் எமர்ஜென்சி இல்லை. சவுத் டகோட்டாவில் தனிநபர் பாலிசிகளை முக்கியமாக விற்பவை ஏவரா, சான்ஃபோர்டு என்ற இரண்டு வட்டார மருத்துவமனைக் குழுமங்களைச் சேர்ந்த நிறுவனங்கள். நல்ல மருத்துவமனைகள்தான். ஆனால் நீங்கள் ஒரிகான் கடற்கரையில் இருக்கும்போது அவை சூ ஃபால்ஸில் இருக்கின்றன. ஃப்ளோரிடாவுக்கு முழுநேரப் பயணிகள் பலர் போனதற்கு ஒரு காரணம், அங்கே சில கவுண்டிகளில் வெளிமாநில டாக்டர்களையும் ஏற்கும் பாலிசிகள் கிடைத்ததுதான். இது ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. நவம்பரில் சந்தை திறக்கும்போது, நீங்கள் நினைத்திருக்கும் முகவரியின் ஜிப் கோடைப் போட்டுப் பாருங்கள். அதற்கு யாருடைய ஆலோசனையும் வேண்டாம், காசும் வேண்டாம்.

சீக்கிரமே ஓய்வுபெற்று, சேமிப்பிலிருந்து கொஞ்சமாக எடுத்துச் செலவு செய்கிறவர்களுக்கு இன்னொரு குழி இருக்கிறது. கணக்கில் காட்டும் வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே போய்விட்டால் சந்தையில் மானியம் கிடைக்காது. அவர்கள் மெடிகெய்டுக்கு, அதாவது குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசுக் காப்பீட்டுக்கு, போக வேண்டியவர்கள். ஆனால் டெக்சஸும் ஃப்ளோரிடாவும் மெடிகெய்டை விரிவாக்கவே இல்லை. அங்கே இரண்டும் இல்லாமல் நடுவில் விழுவீர்கள். சவுத் டகோட்டா மக்கள் 2022-இல் வாக்களித்து, 2023 ஜூலையில் அங்கே விரிவாக்கம் வந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் சவுத் டகோட்டா மற்ற இரண்டையும்விட மேல்.

65 தாண்டியவர்களுக்குப் பெரிய நிம்மதி. முதியோருக்கான அரசுக் காப்பீடான அசல் மெடிகேர் நாடு முழுவதும், மெடிகேர் ஏற்கும் எந்த டாக்டரிடமும் செல்லும். ஆனால் மெடிகேர் அட்வான்டேஜ் என்று பல் மருத்துவம், ஜிம் எல்லாம் சேர்த்து விளம்பரத்தில் வருகிறதே, அது வட்டாரத்துக்குள் கட்டிப்போடும். தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வட்டாரத்துக்கு வெளியே இருந்தால் பொதுவாக நீக்கிவிடுவார்கள். சாலையில் இருப்பவர்கள் அதன் பக்கம் போகாமல், பார்ட் பி (மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதி) தொடங்கும் முதல் ஆறு மாதத்துக்குள், உடல்நிலை பற்றிக் கேள்வி கேட்காமல் கொடுக்க வேண்டிய காலத்திலேயே, மெடிகேப் துணைப் பாலிசி வாங்கிவிடுவது நல்லது.

இனி விசா. கிரீன் கார்டு வரிசையில் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், "எச்-1பியில்தான் இருக்கேன், கம்பெனி ரிமோட்தானே, ஆர்வியில சுத்திக்கிட்டே வேலை பார்க்கிறேன்" என்று சிலர் கிளம்புகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எச்-1பி என்ற வேலை விசா குறிப்பிட்ட வேலை இடத்துக்குக் கட்டுப்பட்டது. வேலை செய்யும் இடம் முதலில் சொன்ன நகர வட்டாரத்தைத் தாண்டி மாறினால், குறுகிய காலத்துக்கான சில விலக்குகள் தவிர, திருத்திய மனு போட வேண்டும் என்று 2015-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. வாரம் ஒரு மாநிலம் என்று வாழ்கிறவருக்கு எந்தக் கம்பெனி வாரம் ஒரு மனு போடும்? விடுமுறையில் சுற்றுங்கள். முழுநேர வாழ்க்கை கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு.

கிரீன் கார்டு வந்தவர்களுக்கும் இரண்டு விஷயம். முகவரி மாறிய பத்து நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். அஞ்சல் பெட்டி எண் வேறு, நீங்கள் இருக்கும் இடம் வேறு, படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. அடுத்து, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் அந்த மாநிலத்தில் அல்லது அந்தக் குடியேற்ற மாவட்டத்தில் மூன்று மாதம் வசித்திருக்க வேண்டும். ஓர் இரவு ரசீதை வைத்துக்கொண்டு அதிகாரியின் முன் உட்கார எனக்குத் தைரியம் வராது. குடியுரிமை நேர்காணல் ஓரிரு ஆண்டுகளில் இருக்கிறது என்றால், வாடகைக்காவது ஒரு இடத்தில் இருந்து அதை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். குறைந்தபட்சம் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவருக்குக் காசு கொடுத்துக் கேளுங்கள். வண்டிக்கு டயர் மாற்ற ஆகும் செலவைவிட அது குறைவு.

இந்தியத் தூதரக வேலையும் இதே முகவரியைப் பிடித்துத்தான் நடக்கிறது. பாஸ்போர்ட் புதுப்பிப்பதோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையோ, மாநிலத்தைப் பார்த்து எந்தத் தூதரகம் என்று முடிவாகும். டெக்சஸ் என்றால் ஹூஸ்டன், ஃப்ளோரிடா என்றால் அட்லாண்டா. முகவரிச் சான்றும் கேட்பார்கள்.

கல்லூரியில் பிள்ளை இருக்கிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்களைச் சார்ந்திருக்கும் பிள்ளைக்கு உள்மாநிலக் கட்டணம் கிடைப்பது பெற்றோர் குடியிருக்கும் மாநிலத்தை ஒட்டித்தான். பிள்ளை அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நீங்கள் வரி மிச்சம் பிடிக்க மாநிலம் மாறினால், மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு கட்டணத்தில் போகலாம். பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு முடிவு செய்யுங்கள்.

ஓட்டு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, மறைக்கவில்லை. இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள் நாம். அதை வாங்கிக்கொண்டு, ஓட்டுப் போட முடியாத ஒரு முகவரியை நாமே தேடிப் போவது என்ன நியாயம்? சவுத் டகோட்டா 2023-இல் சட்டத்தை மாற்றி, வாக்காளராகப் பதிய மாநிலத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும் என்றது. லைசென்ஸுக்கு ஓர் இரவு, ஓட்டுக்கு முப்பது நாள். 2024 ஜூன் முதற்கட்டத் தேர்தலில் சூ ஃபால்ஸ் பகுதியில், அஞ்சல் சேவை முகவரியில் பதிந்திருந்தவர்களின் தபால் வாக்குகளை எதிர்த்து வாக்குச்சாவடியிலேயே ஆட்சேபம் கிளம்பியது. உள்ளூர்க்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் ஆயிரக்கணக்கில் வாக்காளர்கள், ஒருவரும் ஊரில் இல்லை, ஆனால் பள்ளி வாரியத் தேர்தலை அவர்கள் முடிவு செய்யலாம் என்றால் எந்த ஊர்க்காரருக்கும் எரிச்சல் வரும். டெக்சஸில் லிவிங்ஸ்டனில், 1978-இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்ற ஆர்வி பயணிகள் சங்கத்தின் உறுப்பினர்களுடைய ஓட்டுரிமையை எதிர்த்து 2000-ஆம் ஆண்டிலேயே வழக்கு நடந்தது. அங்கே பயணிகள் தப்பித்தார்கள். பிறகு 2021-இல் டெக்சஸும் அஞ்சல் பெட்டி முகவரிக்காரர்களிடம் குடியிருப்புச் சான்று கேட்க வழிசெய்யும் சட்டம் கொண்டுவந்தது. எந்த மாநிலமும் இதில் நிரந்தரப் பாதுகாப்பு இல்லை. உண்மையாகவே ஆண்டில் சில வாரம் போய் இருக்கக்கூடிய மாநிலம் என்றால், யார் கேட்டாலும் நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

வண்டி, வரி, பதிவு பற்றியெல்லாம் நீட்டப் போவதில்லை. டெக்சஸில் வண்டி வாங்கினால் 6.25 சதவீதம், ஃப்ளோரிடாவில் 6. ஏற்கெனவே வைத்திருக்கும் வண்டியோடு டெக்சஸுக்குக் குடிபோனால் 90 டாலர் புதுக்குடியேறி வரி. டெக்சஸில் சொந்த வண்டிகளுக்கான பாதுகாப்புச் சோதனை 2025 ஜனவரியோடு போய்விட்டது, சில பெரிய கவுண்டிகளில் புகைச் சோதனை மட்டும் உண்டு. 26,000 பவுண்டுக்கு மேற்பட்ட மோட்டார்ஹோம் என்றால் டெக்சஸில் வேறு வகுப்பு லைசென்ஸ். வண்டிக் காப்பீட்டு நிறுவனத்திடம் "இதிலேயே குடியிருக்கிறோம்" என்று சொல்லி முழுநேரவாசிகளுக்கான பாலிசி எடுங்கள். விடுமுறை வண்டி என்று சொல்லி எடுத்தால் இழப்பீடு கேட்கும் நாளில் பிரச்சினை. மொண்டானாவில் எல்எல்சி என்ற பெயரளவு கம்பெனி தொடங்கி விற்பனை வரி இல்லாமல் வண்டி வாங்கும் வித்தையை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பல மாநிலங்கள் இப்போது அதைத் தேடிப் பிடிக்கின்றன.

வங்கி ஒரு தொல்லை. அஞ்சல் சேவை முகவரிகள் வங்கிகளின் கணினியில் தனியாகத் தெரியும். வசிக்கும் தெரு முகவரி கொடு என்பார்கள், மத்திய அரசின் விதி அது. உறவினர் வீட்டு முகவரியைக் கொடுக்க அவர்கள் சம்மதித்தால் வேலை சுலபம். அதற்காக அண்ணன் வீடு நியூ ஜெர்சியில் இருக்கும்போது அந்த முகவரியை எல்லா இடத்திலும் போட்டு, பிறகு நியூ ஜெர்சிக்காரர் இல்லை என்று வாதாடாதீர்கள். வீடு கைவசம் இருக்கும்போதே புதிய கணக்குகளைத் திறந்துவிடுங்கள். அஞ்சல் சேவைக்கான 1583 படிவத்தில் நோட்டரி முன்னிலையிலோ அஞ்சல் சேவைக்காரர் முன்னிலையிலோ கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு அடையாளச் சான்றும் வேண்டும். அதையும் அப்போதே முடியுங்கள்.

நாங்கள் எடுத்தது டெக்சஸ், லிவிங்ஸ்டன். வரிக்காக என்றால் மூன்றும் ஒன்றுதான். மைத்துனர் குடும்பம் ஹூஸ்டனில் இருக்கிறது. பேர்லண்ட் மீனாட்சி கோயிலுக்கு ஆண்டுக்கு ஒரு தடவையாவது போகாமல் என் மனைவிக்கு ஓடாது. டாக்டர்களும் அங்கேதான். லிவிங்ஸ்டனிலேயே எஸ்கேப்பீஸ் சங்கத்தின் பராமரிப்பு மையம் ஒன்று இருக்கிறது. வயதானவர்களும் நோயுற்றவர்களும் தங்கள் சொந்த ஆர்வியை அங்கே நிறுத்திவிட்டு அதிலேயே வாழலாம்; சாப்பாடும் உதவியும் மையத்தில் கிடைக்கும். அங்கே இட்லி கிடைக்காது என்பது தெரியும். பரவாயில்லை, ஒன்றரை மணி நேரத்தில் ஹூஸ்டன். உங்களுக்கு இதே பதில் வர வேண்டியதில்லை. டாம்பா பக்கத்தில் பேரப்பிள்ளைகள் இருந்தால் ஃப்ளோரிடா. அங்கே நீதிமன்ற எழுத்தரிடம் டொமிசைல் பிரகடனமே எழுத்தில் பதிவு செய்யலாம், பழைய மாநிலம் சண்டைக்கு வந்தால் அது ஒரு நல்ல காகிதம். மினசோட்டாவில் பிள்ளை இருந்து, சூ ஃபால்ஸ் நாலு மணி நேர ஓட்டம் என்றால் சவுத் டகோட்டாவும் உங்களுக்கு நியாயமான இடமே.

எந்த மாநிலம் ஆனாலும், அதை எடுத்த பிறகு உயில், மருத்துவ முடிவுக்கான அதிகாரப் பத்திரம் இரண்டையும் அந்த மாநிலத்துச் சட்டப்படி புதிதாக எழுதுங்கள். டெக்சஸில் திருமணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்து கணவன் மனைவி இருவருக்கும் பொது. ஃப்ளோரிடாவில் உயிலை நிறைவேற்றுபவர் அந்த மாநிலத்தவராகவோ நெருங்கிய உறவினராகவோ இருக்க வேண்டும்; குடும்ப நண்பர் ஒருவரை டல்லாஸிலிருந்து நியமித்தால் செல்லாது.

எனக்கு எழுதுகிறவர்கள் இனி "எது சுலபம்" என்று மட்டும் எழுதாமல், இருவர் வயது, விசா அல்லது குடியுரிமை நிலை, சம்பளமா ஓய்வூதியமா, எந்த மாநிலத்திலிருந்து கிளம்புகிறீர்கள், கல்லூரியில் பிள்ளை உண்டா, மேலே கேட்ட முட்டி போன நாளில் எந்த ஊர் என்ற ஆறையும் சேர்த்து எழுதுங்கள். ஆறாவதுக்குக் கணவனும் மனைவியும் தனித்தனியாகப் பதில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால், மாநிலம் தேடுவதைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம்.

அன்புடன்,
லிவிங்ஸ்டன் முகவரிக்கார ஆர்விவாசி ஒருவர்